ஈரவுடையைப் பேணுதல்



துணி துவைக்கும் கலையை நன்கு அறிந்தவன் என்று என்னைப்பற்றி நானே நெடுங்காலம் எண்ணியிருந்தேன். ஆசிரியப் பயிற்சி பெற்ற நாள்களில், விடுதிக் கிணற்றங்கரையில் வேட்டியைச் சவுக்காரமிட்டு ஊறவைத்து, கல்லில் அடித்து, வெந்நீரில் முக்கி, உச்சி வெயிலில் கொடியில் விரித்து உலர்த்திப் பழகியவன் நான். சுடுநீர், சவுக்காரம், வெயில் ஆகிய மூன்றும் இருந்தால் உலகில் வெளுக்காத துணி இல்லை என்பது என் கொள்கை. பள்ளிப் பிள்ளைகளுக்கும் சுகாதாரப் பாடத்தில் அதையே சொல்லி வந்தேன். ஓய்வு பெற்றபின், அமெரிக்க நாட்டில் கலிபோர்னியா மாநிலத்துச் சாண்டா குரூஸ் என்னும் ஊரில், என் மகள் வீட்டில் ஒரு குளிர்காலத்தைக் கழித்தபோதுதான் அந்தக் கொள்கை உடைந்தது. அதனுடன் என் மருமகனின் விலையுயர்ந்த உடை ஒன்றும் பாழாயிற்று.

சாண்டா குரூஸ் மான்டரே வளைகுடாவின் வடகரையில் உள்ளது. அவ்வூரார்க்குக் கடல் என்பது பார்த்து மகிழ்வதற்கு மட்டுமன்று. அலை உயர்ந்து எழும் வேளையில் நீண்ட பலகையின்மேல் நின்று, அந்த அலையின் சரிவிலேயே வழுக்கி வருவது அங்குள்ள இளைஞர்க்கும் முதியோர்க்கும் பொழுதுபோக்கு. இதனை அலைச்சறுக்கு என்று நாம் சொல்லலாம். ஆனால் அந்தக் கடல் நம் கடலைப் போன்றதன்று. வடக்கிலிருந்து வரும் குளிர்ந்த நீரோட்டம் அக்கரையோரமாகப் பாய்கின்றது. காற்று மேல்நீரைக் கரையிலிருந்து விலக்கும்போது ஆழத்திலுள்ள குளிர்நீர் மேலெழுகின்றது. ஆதலின் ஆண்டின் பெரும்பகுதியில் நீரின் வெப்பநிலை ஏறக்குறைய 11 முதல் 15 டிகிரி சென்டிகிரேடு வரைதான் இருக்கும். சென்னைக் கடற்கரையில் காலை நனைத்துப் பழகிய நான் அங்கே ஒருமுறை நனைத்தேன். மறுமுறை நனைக்க மனம் வரவில்லை.

காற்றைவிட நீர் 20 மடங்குக்கும் மேலாக வெப்பத்தைக் கடத்தவல்லது. 15 டிகிரிக் காற்றில் ஒரு சட்டையுடன் உலாவலாம். 15 டிகிரி நீரிலோ உடலின் வெப்பம் விரைந்து வெளியேறும். முதலில் விரல்கள் மரத்துப்போகும்; பின்பு கைகால்கள் சொன்னபடி கேளா. நம் உடலின் உள்வெப்பம் 37 டிகிரி அளவில் இருக்கவேண்டும். அது 35 டிகிரிக்குக் கீழே இறங்குமானால் அறிவும் தடுமாறத் தொடங்கும். நீந்தத் தெரிந்தவர்களும் குளிர்ந்த நீரில் மூழ்கிப்போவதற்கு இது பெரிய காரணம். இந்தக் குளிரைத் தாங்குவதற்கென்றே அமைந்ததுதான் 'வெட்சூட்' என்னும் உடை. பெயரைச் சொல்லுக்குச் சொல் எடுத்துக்கொண்டால் ஈரவுடை எனலாம். நான் பாழாக்கியதும் அத்தகைய உடையையே.

உடை என்றாலே நனையாமல் காப்பது என்று நினைக்கிறோம். நனைந்தே இருக்கும் உடை குளிரைத் தடுப்பது எவ்வாறு? இந்த வினாவுக்கு விடை கண்டவர் ஹியூ பிராட்னர் என்னும் இயற்பியலறிஞர். அவர் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லிப் பிரிவில் பணியாற்றியவர். கடற்படையின் நீர்மூழ்கு வீரர்களுக்கு ஏற்ற உடையைப் பற்றி 1951, 1952ஆம் ஆண்டுகளில் ஆராய்ந்தபோது, மனிதன் நனையாமல் இருக்கவேண்டிய கட்டாயமே இல்லை என்று அவர் உணர்ந்தார். வெப்பத்தைக் காப்பது துணியின் உள்ளே அடைபட்டுள்ள வாயுவாயின், தோல் நனைந்திருந்தால் என்ன? உடலுக்கும் உடைக்கும் இடையே மெல்லிய நீர்ப்படலம் ஒன்று புகுந்து நிற்கும். உடல் அதைச் சிறிது நேரத்தில் சூடாக்கிவிடும். அந்த நீர் வெளியேறாமலும், புதிய குளிர்நீர் உட்புகாமலும் இருந்தாற் போதும். இத்தகைய எளிய கருத்தை எண்ணிப் பார்க்க ஓர் இயற்பியலறிஞர் வேண்டியிருந்தது! அவர் அதற்குக் காப்புரிமை பெற்றுச் செல்வம் திரட்டவில்லை. 1952இல் சான்பிரான்சிஸ்கோவில் சறுக்குப் பலகைக் கடை வைத்த ஜாக் ஓநீல் என்பவரும், தென்கலிபோர்னியாவில் மைஸ்ட்ரெல் உடன்பிறந்தார் இருவரும் இத்தகைய உடைகளைச் செய்து பொதுமக்களிடையே பரப்பினர். ஓநீல் 1959இல் சாண்டா குரூசுக்குக் குடிபெயர்ந்து, 2017இல் தம் 94ஆம் வயதில் அவ்வூரிலேயே காலமானார்.

உடையின் முதற்பொருள் நியோப்ரீன் என்னும் செயற்கை ரப்பர். டூபான்ட் நிறுவனத்து வேதியியலார் 1930இல் இதனைக் கண்டறிந்தனர். அதனை நுரைக்கச் செய்து, எண்ணற்ற நுண்குமிழிகள் நிறைந்த தாளாக்கி, இருபுறமும் நைலான் போன்ற துணியை ஒட்டி, வெட்டித் தைத்து உடையாக்குகின்றனர். ஒவ்வொரு குமிழியும் தனித்தனியே மூடப்பட்டது; ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு வழி கிடையாது. அதனுள் இருப்பது நைட்ரஜன் வாயு. 3, 4, 5 மில்லிமீட்டர் கனமுள்ள அந்தத் தாளில் குளிரைத் தடுப்பது ரப்பரைவிட அந்த வாயுவே. தையலிடங்களைப் பசையால் ஒட்டி, ஊசி முழுதும் துளைத்துச் செல்லாதவாறு தைத்து, சிலவற்றில் உட்புறம் பட்டையும் ஒட்டுகிறார்கள். குமிழி, ஒட்டு ஆகிய இவ்விரண்டையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஈரவுடையைப் பேணுதல் என்பது பெரும்பாலும் இவ்விரண்டையும் பேணுதலே. அழுக்கைப் போக்குவது அதற்கு அடுத்தபடிதான். நான் இதனை அறியவில்லை.

என் மருமகன் வாரத்தில் இரண்டு மூன்று நாள் விடியலில் கடலுக்குச் சென்று வருவார். வந்ததும் உடையைக் குளியலறையில் களைந்துவிட்டு அலுவலகத்துக்கு விரைவார். மாலையில் வந்து அலசிக்கொள்வது அவர் வழக்கம். பகலெல்லாம் அது அங்கே கிடந்து நாறுவதைக் கண்ட நான், 'மாப்பிள்ளைக்கு இந்த உதவியையாவது செய்வோமே' என்று எண்ணினேன். கை பொறுக்கும் எல்லைவரை சூடான நீரில், துணிக்கு இடும் சலவைத் தூளைத் தாராளமாகக் கரைத்து உடையை ஊறவைத்தேன். தேங்காய் நார் போன்ற முரட்டுத் தூரிகையால் தேய்த்தேன். வேட்டியைப் பிழிவது போல இருகையாலும் முறுக்கிப் பிழிந்தேன். கம்பியாற் செய்த மெல்லிய மாட்டியில் தோளைக் கோத்து, கொல்லைப்புற வெயிலில் நாள் முழுதும் தொங்கவிட்டேன். இப்படி இரண்டு மாதம் செய்தேன். மாலையில் உலர்ந்த உடையை மடித்து, அடுக்கின் அடியில் வைத்து, மேலே புத்தகங்களையும் அடுக்கினேன்! மாப்பிள்ளை மாலையில் உடை மடித்திருப்பதைக் கண்டு, "நன்றி, மாமா" என்பார். துவைத்த முறையை அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

ஒருநாள் காலையில் வழக்கமான நேரத்துக்கு அவர் வரவில்லை. பிறகு வேறொருவர் காரை ஓட்டிவர, அருகில் போர்வை சுற்றி அமர்ந்து வந்தார். உதடுகள் நீலம் பாய்ந்திருந்தன. பேச்சுக் குழறியது. அலைக்கு அப்பால் காத்திருந்தபோது தோளோரத்திலும் முதுகிலும் குளிர்நீர் இடைவிடாமல் உட்புகுந்ததாம். கரை சேர்வதற்குள் கைகள் மரத்துப்போய், கார்ச் சாவியைப் பிடித்துத் திருப்பவும் இயலவில்லையாம். கரையில் நின்ற ஒருவர் உதவியிராவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று என் மகள் வாய்விட்டுச் சொல்லவில்லை. என் முகத்தைப் பார்த்தாள், அவ்வளவுதான்.

அன்று மாலை மாப்பிள்ளை உடையை விளக்கொளியில் விரித்துக் காட்டினார். தோளில் ஒட்டு விட்டுப்போய் நூல் மட்டும் நின்றது. தோள்பகுதி நீண்டு தொய்ந்திருந்தது. முதுகில் மடிப்பு விழுந்த இடம் அமுங்கி, கையால் தடவினாலே மெலிந்திருப்பது தெரிந்தது. வளைத்தபோது மேற்பரப்பில் மயிரிழை போன்ற வெடிப்புகள் தோன்றின. "மாமா, இந்த உடை ஏற்கெனவே பழையதுதான்" என்றார் அவர். அது பெருந்தன்மை. பழையது ஐந்து மாதம் உழைத்திருக்கலாம். நான் அதை இரண்டு மாதத்தில் முடித்துவைத்தேன்.

அதன்பின் அவரிடம் மாணவனாக இருந்து நான் கற்றதை இப்போது சொல்லுகிறேன்.

முதலில் உப்பு. கடல்நீர் ஒரு லிட்டரில் சுமார் 35 கிராம் உப்பு கரைந்துள்ளது. நீர் உலரும், உப்பு உலராது. அது நுண்படிகங்களாகித் துணியின் இழைகளிலும் தையற்புழைகளிலும் தங்கி, உடையை விறைப்பாக்கி, ஒவ்வொரு அசைவிலும் அரத்தைப் போல் அராவும். பல்லிழுவையின் பற்களிலும் படிந்து அதை இறுக்கும். ஆகவே உப்பு உலருமுன் நல்ல நீரில் அலசவேண்டும். இது மாலைவரை காத்திருக்கும் வேலையன்று. இந்த ஒன்றில் மாப்பிள்ளையும் தவறியவரே என்பதை அவர் ஒப்புக்கொண்டார்! ஒரு தொட்டியில் குளிர்ந்த அல்லது வெதுவெதுப்பான நீர் நிரப்பி, கால்மணி நேரம் ஊறவிட்டு, கையால் மெல்ல அமுக்கி, நீரை மாற்றி மீண்டும் அலசினாற் போதும். உட்புறத்தையும் வெளியே திருப்பி அலசுதல் இன்றியமையாதது. தோலோடு ஒட்டிக்கிடப்பது அந்தப் பக்கமன்றோ?

வெதுவெதுப்பு என்றால் எவ்வளவு? நம் பாட்டிமார் கைக்குழந்தைக்கு ஊற்றும் நீரின் சூடு இதற்கு ஆகாது. உள்ளங்கைக்குச் சூடும் குளிர்ச்சியும் தோன்றாத நிலையே அளவு. மிகுந்த சூடு ஒட்டுப் பசையை இளக்கும். ரப்பரின் நெகிழ்ச்சியையும் குறைக்கும். துணி துவைக்கும் எந்திரத்தில் இதைப் போடுவதும், வெண்மையாக்கும் மருந்து கலந்த தூளை இடுவதும், பிழிவதும் கூடா. முறுக்கிப் பிழியும்போது குமிழிச் சுவர்கள் கிழியும், தையலும் விடும். நீர் வடியட்டும் என்று பொறுத்திருப்பதே முறை.

நாற்றத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். வியர்வையும் தோலின் எண்ணெய்ப்பசையும் ஈரத்தில் கிடக்கும்போது நுண்ணுயிர்கள் பெருகுகின்றன. வேறொரு காரணமும் உண்டு. சபையில் சொல்லத் தயங்குவார்கள், உண்மையை மறைப்பானேன்? குளிர்நீரில் இறங்கியவர்க்குச் சிறுநீர் மிகுதியாகச் சுரப்பது உடலின் இயல்பு. மணிக்கணக்கில் கடலில் இருப்பவர் உடையோடேயே அதைக் கழிப்பதும் உண்டு. அதிலுள்ள யூரியாவை நுண்ணுயிர்கள் சிதைக்க, அம்மோனியா நெடி எழுகிறது. இதற்குச் சவுக்காரத்தைக் கொட்டுவதனால் பயனில்லை. வந்தவுடன் அலசினால் பெரும்பகுதி போய்விடும். எஞ்சியதற்கு, இவ்வுடைக்கென்றே விற்கும் திரவத்தையோ, குழந்தைத் தலைக்கிடும் மென்மையான ஷாம்பு சில துளிகளையோ நீரில் கலந்து அலசி, பின்பு அந்த நுரை முழுதும் போக நல்ல நீரில் அலசலாம். ஒவ்வொரு முறையும் வேண்டா, எப்போதாவது போதும்.

அடுத்து உலர்த்துதல். இங்கேதான் நம் நாட்டுப் பழக்கம் நம்மைக் கெடுக்கிறது. வெயிலைக் காட்டாத துணி துணியாகுமா என்று கேட்போம். வேட்டிக்கு வெயில் நண்பன். ரப்பருக்கோ அது பகைவன். வெயிலின் புறவூதாக் கதிர் நியோப்ரீனின் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளைத் தாக்குகிறது. காற்றிலுள்ள ஆக்சிஜனும் அந்த வேலைக்குத் துணை போகிறது. நெகிழ்ந்த பொருள் நாளடைவில் விறைத்து வெடிக்கின்றது. பழைய சைக்கிள் டயரின் பக்கச்சுவரில் காணும் வெடிப்புகளை நினைத்துப் பாருங்கள். கறுப்பு நிறம் வெப்பத்தை உண்டு இன்னும் சூடேறும். மூடிய காரின் பின்புறப் பெட்டியில் போட்டு வெயிலில் நிறுத்திவைப்பதும் இதே கேட்டைச் செய்யும். ஆகவே காற்றோட்டமுள்ள நிழலே ஏற்றது. முதலில் உட்புறம் வெளியே தெரியத் திருப்பி உலர்த்தி, பின்பு மறுபுறம் திருப்பினால், அடுத்த நாள் அணியும்போது தோலில் படும் பக்கம் ஈரமில்லாமல் இருக்கும்.

நீர் நிறைந்த உடை மிகவும் கனமுடையது. மெல்லிய கம்பியில் தோளைக் கோத்தால் அந்தக் கனம் முழுதும் இரண்டு கோடுகளில் விழும். தோள் நீண்டு தொய்வது இதனாலேயே. தொய்ந்த உடை உடலைக் கவ்விப் பிடிக்காது. பிடிக்காத உடையில் நீர் புகுந்து புகுந்து வெளியேறும். பிராட்னர் எண்ணிய நீர்ப்படலம் நிலைநிற்பது எங்ஙனம்? ஆதலால் உடையை இடுப்பளவில் இரண்டாக மடித்து, பருத்த கழி ஒன்றின்மேல் போடவேண்டும். நன்றாக உலர்ந்தபின் அகன்ற தோளுள்ள மாட்டியில் தொங்கவிடலாம்; அல்லது தட்டையாக விரித்து வைக்கலாம். அதன்மேல் பாரம் ஏற்றுதல் ஆகாது.

பாரம் ஏன் ஆகாது என்பதற்குப் பாயில் விதி விடை சொல்லும். கடலில் 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேற்பரப்பில் உள்ளதைப்போல் இரு மடங்காகிறது. குமிழிக்குள் உள்ள வாயு ஏறக்குறையப் பாதியாகச் சுருங்குகிறது, உடையும் மெலிகிறது. குளிரை மிகுதியாக உணரும் ஆழத்தில்தான் உடையின் காப்பும் குறைகின்றது! மேலே வந்ததும் குமிழிகள் மீண்டும் விரியும். ஆனால் பல நூறு முறை இவ்வாறு நசுங்கிய குமிழிகள் பழைய அளவை எட்டுவதில்லை. ஆழத்தில் மூழ்குவோரின் உடை ஆண்டுகள் செல்லச் செல்ல மெலிவது இதனால். நான் அடுக்கிவைத்த புத்தகங்களும் அதே வேலையைத்தான் செய்தன. அதுவும் மடிப்பு விழுந்த ஒரே இடத்தில்.

அணிவதிலும் களைவதிலும் பொறுமை வேண்டும். நகத்தால் கிள்ளி இழுத்தால் பிறைவடிவில் கிழியும். விரல்நுனிச் சதையால் பற்றிச் சிறிது சிறிதாக ஏற்றவேண்டும். காலில் மெல்லிய பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொண்டு நுழைத்தால் எளிதில் வழுக்கிச் செல்லும். பின்பு பையை உருவிவிடலாம். கரடுமுரடான தரையில் நின்று களைந்து, காலால் மிதித்து உதறுவதைக் காட்டிலும், ஒரு பாயையோ அகன்ற வாளியையோ விரித்தும் வைத்தும் அதற்குள் களைவது நல்லது. பல்லிழுவையை அலசி உலர்த்தி, தேன்மெழுகு அல்லது பாரஃபின் மெழுகை இலேசாகத் தேய்த்தால் அது தடையின்றி ஓடும்.

சிறு கிழிசலைச் செப்பனிடும் முறை உங்களுள் பலருக்கு முன்பே தெரியும். சைக்கிள் டியூபுக்குப் பஞ்சர் ஒட்டுவதைப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? அதே இலக்கணந்தான். இடத்தைக் கழுவி, முற்றிலும் உலரவிட்டு, நியோப்ரீனுக்கென உள்ள பசையை இருமுகத்திலும் மெல்லப் பூசி, அவசரப்படாமல் காத்திருக்கவேண்டும். விரலால் தொட்டால் ஒட்டியும் ஒட்டாமலும் இருக்கும் பக்குவத்தில் மறுபடி ஒரு பூச்சுப் பூசி, மீண்டும் காத்திருந்து, இரண்டு முகங்களையும் பொருத்தி அழுத்தவேண்டும். ஈரமான பசையோடு ஒட்டுபவன் இருமுறை ஒட்டுவான் என்று எங்கள் ஊர்ச் சைக்கிள் கடைக்காரர் சொல்லுவார். சாண்டா குரூசில் மாப்பிள்ளையின் மேசையருகே நின்றபோது அவரை நினைத்துக்கொண்டேன்.

உடையைக் கழுவாமல் விடுவதனால் வரும் கேடு உடையவனோடு நிற்பதுமில்லை. நியூசிலாந்து நாட்டின் தென்தீவில் 2004இல் ஓர் ஆற்றில் டிடிமோ என்னும் நுண்பாசி காணப்பட்டது. ஒற்றைச் செல் உயிரிதான். ஆனால் கற்களைப் போர்த்துக் கம்பளம்போல் படரவல்லது. ஓர் ஆற்றில் இறங்கியவரின் ஈரமான காலணியும் உடையும் அதனை மற்றோர் ஆற்றுக்கு ஏற்றிச்செல்ல ஒரு துளி நீரே போதும். எனவே அந்நாட்டார், நீரிலிருந்து ஏறியதும் பொருள்களைப் பார், கழுவு, உலர்த்து என்று கற்பிக்கின்றனர். கனத்த பொருள் உள்ளும் புறமும் உலர்ந்தபின், மேலும் 48 மணி நேரம் உலர்ந்தே இருக்கவேண்டும் என்பது அவர்கள் கூறும் அளவு. தொட்டால் உலர்ந்ததுபோல் தோன்றும் நியோப்ரீன் தையலோரங்களில் ஈரத்தை ஒளித்து வைத்திருக்கும். ஆகவேதான் இந்த எச்சரிக்கை.

நம் கடற்கரைக்கு இவ்வுடை அவ்வளவு தேவையன்று. மன்னார் வளைகுடாவில் முத்துக் குளித்த முன்னோர் கல்லின் பாரத்தைத் துணைகொண்டு வெற்றுடம்போடு மூழ்கினர். வெப்பமான கடல் அதற்கு இடங்கொடுத்தது. எனினும் நெடுநேரம் நீரடியில் ஆராய்வோர், பவளப்பாறைச் சிராய்ப்புக்கும் சொறிமீனின் கொடுக்குக்கும் அஞ்சுவோர் மெல்லிய ஈரவுடையை அணிவதுண்டு. கடலுயிரியல் படிக்கும் மாணவர் சிலரேனும் இதனைக் கையாள நேரும். கல்லூரிப் பொருளறையில் தகரக் கூரையின்கீழ் அதைச் சுருட்டிப் போடாதிருப்பார்களாக. நம் கோடை, சாண்டா குரூஸ் வெயிலினும் கொடியது.

மாப்பிள்ளைக்குப் புதிய உடை வாங்கிக் கொடுத்துவிட்டே ஊர் திரும்பினேன். என் ஓய்வூதியத்தில் அது சிறு தொகையன்று. அவர் வேண்டாவென்று மறுத்தார். என் மகள் மறுக்கவில்லை. பழைய உடையை என்ன செய்வது என்று கேட்டேன். இரும்பைப்போல் உருக்கி மறுபடி வார்க்கக்கூடிய பொருளன்று அது. எனவே பேரன் கத்தரிக்கோலை எடுத்துவந்தான். நசுங்காத தொடைப் பகுதியிலிருந்து ஒரு துண்டை வெட்டி, இரு ஓரத்தையும் நான் கற்றுக்கொண்டபடி பசை பூசிக் காத்திருந்து ஒட்டி, "தாத்தா, உங்கள் தண்ணீர்ப் புட்டிக்கு" என்று கொடுத்தான். இந்தப் பேச்சை எழுதும் இவ்வேளையில் அது என் மேசைமேல் இருக்கிறது. காலையில் பானையிலிருந்து மொண்டு நிரப்பிய நீர் நண்பகலிலும் குளிர்ச்சியாகவே உள்ளது.